இருநூற்றுப் பதினேழாம் புட்டி

ஜனவரி 12

என் அருமைக் கல்லாராணிக்கு,

நலம். உன் நலத்தையும், உன் வயிற்றுக்குள் ஐந்தாம் மாதமாக வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் அந்தப் பெரிய மனிதரின் நலத்தையும் அறிய ஆவல்.

இப்போது ஒரு கதை சொல்லப் போகிறேன். இதை யாரும் நம்ப மாட்டார்கள். என் மீசைமேல் ஆணையாகச் சொல்கிறேன், ஒருத்தர்கூட நம்ப மாட்டார்கள். உன் அத்தை நம்பவில்லை. பாதியிலேயே எழுந்து துணி காயப்போடப் போய்விட்டாள்.

எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு புது இயந்திரம் வந்திருக்கிறது. வாசல் போதவில்லை, சுவரை இடித்தார்கள். சுவர் போதவில்லை, தெருவைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்கள். பதினாறு பேர் தூக்கினார்கள். நான் ஒற்றை விரலை நீட்டி வழிகாட்டினேன். அந்த விரல் இன்னும் வலிக்கிறது. அம்மாடி, நீ ஒரு ஏரியில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டு ஓடிப்போ. இந்த இயந்திரம் ஏரித் தண்ணீரில் ஒரு சொட்டைக் குடித்துப் பார்த்து, உப்பு எவ்வளவு என்று சொல்லும். போட்டவள் எந்தப் பக்கம் ஓடினாள் என்பதையும் சொல்லும்.

இதை வைத்து என்ன செய்யப் போகிறோம் தெரியுமா? நம் உடம்பில் சுரப்பிகள் இருக்கின்றன. அவை ஒவ்வொரு உறுப்புக்கும் கடிதம் போடுகின்றன: ‘நீ வளரு’, ‘நீ போதும், நில்லு’. அந்தக் கடிதத்தின் பெயர்தான் ஹார்மோன். பிளாஸ்டிக்கிலும், டப்பாக்களின் உள்பூச்சிலும், இன்னும் நூறு சாமான்களிலும் கலக்கிற சில தொழிற்சாலை வேதிப்பொருட்கள் உள்ளே போய் அதே கடிதம் மாதிரி வேஷம் கட்டுகின்றன. கள்ளக் கையெழுத்து! பெரியவர்கள் உடம்பு எப்படியோ சமாளிக்கும். வயிற்றில் உருவாகிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு வருகிற கடிதமெல்லாம் உத்தரவு. எத்தனை கள்ளக் கடிதம் உள்ளே போகிறது, போனால் என்ன ஆகும் என்று உலகத்தில் யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதைத்தான் அளக்கப் போகிறோம். நானூறு கர்ப்பிணிகள், ஆளுக்கு மூன்று முறை சிறுநீர், பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தம். அப்புறம் பிள்ளைகளுக்கு ஐந்து வயதாகும்வரை தொடர்ந்து பார்ப்போம்.

புட்டிகள் அத்தனைக்கும் காவலன் உன் மாமன். உங்கள் ஊர் மருத்துவமனையிலும் ஒரு நர்ஸ் புட்டி சேகரிக்கிறார். நீயும் பெயர் கொடு. போனில் சொல்லியிருப்பேன், நீ பாதியில் சிரித்து வைத்துவிடுவாய். கடிதமென்றால் என் புளுகைக் கடைசிவரை தாங்கித்தானே ஆக வேண்டும்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
குளிர்சாதனப் பெட்டிகளின் சக்கரவர்த்தி


ஜனவரி 24

அன்புள்ள சக்கரவர்த்தி மாமாவுக்கு,

வணக்கம். தெருவைத் தள்ளி வைத்த பிறகு உங்கள் வீட்டுக்குத் தபால்காரர் வழி கண்டுபிடித்தாரா?

பெயர் கொடுத்துவிட்டேன். உங்களுக்காக இல்லை, அந்த நர்ஸ் அக்காவுக்காக. உங்களைவிட நன்றாக, உங்களைவிடச் சுருக்கமாக விளக்கினார். கண்ணாடிப் புட்டி கொடுத்தார். பிளாஸ்டிக் படக் கூடாது, கையில் கிரீம் கூடாது, வேலை நாள் முடிந்த மறுநாள் காலை முதல் சிறுநீர். என் புட்டியோடு வெறும் தண்ணீர் நிரப்பிய இன்னொரு புட்டியையும் மூடிப் பெட்டியில் வைத்தார். “இது எதுக்குக்கா?” என்றேன். “இது சாட்சி. உன் புட்டியில ஏதாவது இருந்து, இதுலயும் இருந்தா, வழியில ஒட்டுனதுன்னு அர்த்தம். இதுல இல்லன்னா, உன்கிட்டேர்ந்து வந்ததுன்னு அர்த்தம்” என்றார். உங்கள் ஆட்களில் இப்படி ஒழுங்காகப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதில் மகிழ்ச்சி.

இப்போது என் பெருமையைக் கேளுங்கள். எங்கள் அங்காடியில் ‘மாதத்தின் மின்னல் கை’ பட்டம் எனக்குத்தான்! ஒரு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பில் போட்டேன். ரகசியம் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பில் வரும். ஒன்று வாங்குகிறவருக்கு, ஒன்று கடைக்கு. மற்றவர்கள் கடைப் பில்லைக் கம்பியில் குத்தத் திரும்புவார்கள். அங்கேதான் நேரம் போகும். நான் திரும்ப மாட்டேன். உதட்டில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் பையை நிரப்புவேன். பத்துப் பன்னிரண்டு சேர்ந்ததும் ஒரே குத்து! தோழிகள் எனக்கு ‘கொக்கு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் இரண்டு மாதம் தொடர்ந்து பட்டம் வாங்கினால் தலைமைக் கல்லா. உட்கார நாற்காலி! உங்கள் மாப்பிள்ளை இப்போதே என் கால் வீக்கத்தைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். நாற்காலி வந்தால் முகம் இறங்கும்.

அத்தைக்கு என் அன்பு. பாவம் அவர்.

உங்கள் மருமகள்,
கொக்கு


பிப்ரவரி 10

கொக்கரசிக்கு,

அமளி! ஆரவாரம்! ஆய்வகம் இடிந்து விழவில்லை என்பதே ஆச்சரியம்! நேற்று ஒரு எண் வந்தது. எல்லோருக்கும் ஒன்று, இரண்டு, மிஞ்சிப் போனால் ஐந்து என்று வந்துகொண்டிருந்த இடத்தில், ஒரு புட்டிக்கு அறுபத்தெட்டு! இயந்திரம் மயங்கி விழுந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பினோம். எழுந்து மறுபடியும் அறுபத்தெட்டு என்றது. எங்கள் டாக்டரம்மா நாற்காலியோடு உருண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

எந்தப் பெண்ணின் புட்டி என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. பெயர்ச் சீட்டைக் கிழித்து வரிசை எண்ணை ஒட்டுகிறவன் நான் ஒருவன்தான். பிள்ளைகளுக்கு ஐந்து வயதாகும்வரை எந்தத் தாய்க்கும் அவள் எண்ணைச் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஆகவே உனக்கு வேறொரு கதை. ஒரு நாட்டில் ஒரு ராணி. அவள் நாளுக்கு நானூறு ஓலைகளை வாயில் கவ்வுவாள். அந்த ஓலையில் மை கிடையாது. சூடு பட்டால் தானே எழுத்து வரும்படி ஒரு மாயப் பூச்சு. பூச்சு உதட்டில் கரைந்து உள்ளே போய் அரண்மனைக்குக் கள்ளக் கடிதம் போட ஆரம்பித்தது. மந்திரி தலைகீழாக நின்று கெஞ்சினான். கடல் வற்றும் என்றான், மலை கொட்டாவி விடும் என்றான். ராணி ஓலை கவ்வுவதை விட்ட மறுநாளே அவளுக்குத் தங்கத்தில் நாற்காலி வந்தது!

கதையின் நீதியை உடனே கடைப்பிடிக்கவும். உடனே என்றால் இந்தக் கடிதத்தை மடிப்பதற்குள்.

உன் மாமன்,
மந்திரி வேலையும் கூடுதலாகப் பார்ப்பவன்


பிப்ரவரி 16

அன்புள்ள மாமாவுக்கு,

மலை கொட்டாவி விட்டதா! இடைவேளையில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். காய்கறிப் பிரிவுக் கல்லாத் தோழி சிரித்துச் சிரித்துத் தண்ணீர் புரையேறி, நாங்கள் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. “உங்க மாமாவ ஒரு தடவை கூட்டிட்டு வாடி” என்கிறாள். இப்போது நான் கல்லாவுக்குப் போனாலே “ராணி வருகிறார், ஓலை தயார்!” என்று கட்டியம் கூறுகிறார்கள்.

நான் கவ்வுவதை நிறுத்தவில்லை. கோபிக்காதீர்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் விளக்கைப் போட்டு அணைக்க ஒரு குட்டி ஆள் இருக்கிறான் என்று சொல்லி, ஆறு வயதில் என்னை அவனுக்கு பிஸ்கட் வைக்கச் செய்தவர் நீங்கள். உங்கள் கல்யாணத்துக்குக் குதிரை லீவு கேட்டு வந்தது என்றவர். உங்கள் நீதியைக் கடைப்பிடித்தால் நான் இந்நேரம் மரத்தில் குடியிருப்பேன்.

இந்த மாதப் பட்டமும் எனக்கே! இன்னும் ஒன்றுதான்.

உள்ளே இருக்கிறவர் உதைக்க ஆரம்பித்துவிட்டார். பில் இயந்திரம் கிர்ரென்று சத்தம் போடும்போதெல்லாம் ஒரு உதை.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 23

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்கு டாக்டரம்மா என்னை இயந்திர அறைக்குக் கூப்பிட்டார். “ஐயா, அந்த அறுபத்தெட்டு வந்த 217-ஐக் கணக்குலேர்ந்து அடிச்சிடுங்க. புட்டி அழுக்காயிருக்கும். இவ்வளவு வர வாய்ப்பே இல்ல” என்றார்.

“அம்மா, புட்டி சுத்தம். கூட வந்த சாட்சிப் புட்டிய அளந்து பாருங்க” என்றேன். அளந்தார். அதில் ஒன்றுமில்லை.

“நர்ஸ் கையில ஏதாவது இருந்திருக்கும்.”

“ரெண்டு புட்டியையும் மூடுனது அதே கைதாம்மா.”

“உங்களுக்கு எப்படி இவ்வளவு நிச்சயம்?”

“217 எங்க அக்கா பொண்ணு. கல்லாவுல வேலை. நாள் பூரா பில்லை உதட்டுல கவ்விக்கிட்டு நிக்கிறா. அவளே எனக்கு எழுதியிருக்கா.”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டார். முதலில் கோபம்: சொந்தக்காரப் பெண் என்று ஏன் முன்னாலேயே சொல்லவில்லை? நான் செய்தது தப்பு. ஒப்புக்கொண்டேன். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கடைசியில், “நீங்க பேசுறதுல ஒரு வார்த்தையும் நான் நம்புறதில்லை. உங்க பதிவேட்டை நம்புறேன். அதைக் கொண்டாங்க” என்றார். பத்தொன்பது வருடமாக நான் எழுதும் பதிவேடு. புட்டி வந்த நேரம், பெட்டியின் குளிர், மூடி இறுக்கமா என்பது, எல்லாம் பார்த்தார். 217-ஐ அடிக்கவில்லை. ஆய்வுகளின் நெறியைப் பார்க்கிற ஒழுங்குக் குழுவிடம் அன்றைக்கே அவசரமாகக் கேட்டு, நீ விரும்பினால் உன் எண்ணை உனக்குச் சொல்லலாம் என்று அனுமதி வாங்கியிருக்கிறார். படிவம் இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டால் அவரே போனில் பேசுவார்.

இந்த எண்ணால் பிள்ளைக்கு இன்ன கெடுதல் வரும் என்று அவராலும் சொல்ல முடியாது. கெடுதல் வராது என்றும் சொல்ல முடியாது. குறைப்பது நல்லது என்பது மட்டும் தெரியும். பில் தாளின் பூச்சில் இருக்கிற இந்தப் பொருள் உடம்பில் தங்குவதில்லை. உள்ளே போவது நின்றால் ஓரிரு நாளில் வெளியேறிவிடும்.

பில்லை வாயில் வைக்காதே.

அன்புடன்,
மாமா


மார்ச் 14

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. உங்கள் மாப்பிள்ளை வாங்கிப் படித்துவிட்டு, “இது உங்க மாமா எழுதுனதுதானா?” என்று கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். டாக்டரம்மா ஒரு மணி நேரம் பேசினார். நல்ல மனுஷி. நான் அழுதபோது அவசரப்படுத்தவில்லை. அவர் சொன்னபடி ஐந்து நாள் விடுப்பு எடுத்தேன். தினமும் காலையில் ஒரு புட்டி. இப்போது கையுறை மாட்டிக்கொண்டு, உதட்டைக் கல்மாதிரி மூடிக்கொண்டு வேலை; அப்போதும் தினம் ஒரு புட்டி. “வேணும்னா ஒரே ஒரு நாள் மறுபடி கவ்வட்டுமா டாக்டர்? ஒப்பிட்டுப் பார்க்க வசதியா இருக்குமே” என்று கேட்டேன். அவர் போட்ட சத்தம் உங்களுக்கு அங்கே நேராகவே கேட்டிருக்கும்.

மேலாளரிடம் சொன்னேன். “அம்மா, உனக்கு என்ன, நாற்காலி வேண்டாமா?” என்றார். “வேணும் சார். ஆனா கவ்வ மாட்டேன்” என்றேன். கையுறையோடு, திரும்பித் திரும்பிக் கம்பியில் குத்தி, ஒரு நாளில் இருநூற்று எழுபதுகூடத் தாண்டவில்லை. இந்த மாதம் பட்டம் காய்கறிப் பிரிவுத் தோழிக்கு. நான்தான் அவளுக்குப் பட்ட அட்டையைத் தோளில் குத்திவிட்டேன்.

அதெல்லாம் போகட்டும். எனக்கு உங்கள்மேல் கோபம், மாமா. ஒன்பதாம் தேதி உங்களுக்குத் தெரியும். இருபத்து மூன்றாம் தேதிதான் எனக்குச் சொன்னீர்கள். நடுவில் இரண்டு வாரம். நாளுக்கு நானூறு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்தேன். அந்த இரண்டு வாரத்தில் எனக்கு நீங்கள் கொடுத்தது ஒரு ராணி கதை. நான் அதைப் படித்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கவ்வினேன்.

உங்களை எப்போது நம்ப வேண்டும் என்று எனக்கு ஒரு அடையாளம்கூட நீங்கள் சொல்லித்தரவில்லையே.

புட்டிகள் உங்களிடம் வரும். எண்கள் வந்ததும் எழுதுங்கள்.

உங்கள் அக்கா மகள்


மார்ச் 21

அன்புள்ள அம்மாடிக்கு,

முதலில் எண்கள்.

விடுப்புக்கு முன்: 68. விடுப்பில் இரண்டாம் நாள்: 6. மூன்றாம் நாள்: 2. ஐந்தாம் நாள்: 1. கையுறையோடு, கவ்வாமல் வேலை செய்த நாட்கள்: 2, 2, 3, 2.

சாட்சிப் புட்டிகள் எல்லாம் சுத்தம். பதிவேட்டிலிருந்து பார்த்து எழுதியிருக்கிறேன். பதிவேட்டிலிருந்து என்று நான் எழுதினால் நம்பு. அதுதான் நீ கேட்ட அடையாளம். மற்ற எதையும் நம்பாதே.

இனி மன்னிப்பு. நீ சொன்ன இரண்டு வாரமும் உண்மை. விதியையும் மீறாமல் உன்னையும் காப்பாற்றிவிடலாம் என்று புத்திசாலித்தனம் காட்டினேன். வழக்கமான பாஷையில் சொன்னால் நீ வழக்கம்போலச் சிரிப்பாய் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேராக டாக்டரம்மாவிடம் போகப் பயம். வேலை போய்விடும் என்ற பயம். உன் அத்தைதான் உன் கடிதத்தைப் படித்துவிட்டு, “ஊரெல்லாம் அளந்து கொட்டுறீங்களே, அந்தப் பொண்ணுகிட்ட ஒரு தடவை நேரா பேச வாய் வரலையா?” என்று கேட்டாள். நானே எழுந்து துணி காயப்போடப் போனேன்.

இனிமேல் கொஞ்சம் கூத்தடிக்க அனுமதி உண்டா? நீ ‘வேண்டாம்’ என்று சொல்வது இங்கே கேட்கவில்லை, ஆகவே தொடர்கிறேன்.

கவ்வாமல் வேலை செய்த நாளின் அந்த 2 திரையில் வந்தபோது டாக்டரம்மா குதித்தார் பார்! கூரையில் தலை இடித்து, மாடியில் இருக்கிற கணக்குப் பிரிவினர் நிலநடுக்கம் என்று குடையை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். “ஐயா, ஒரே ஒரு பொண்ணோட உதடு! பழைய இயந்திரத்தை வெச்சுக்கிட்டு மூணு வருஷமா நாங்க சாப்பாட்டு டப்பாவையே தேடிக்கிட்டிருந்தோம்!” என்று என் இரண்டு கையையும் பிடித்து உலுக்கினார். அடித்துவிடச் சொன்ன எண்தான் இப்போது ஆய்வின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நானூறு பேரிடமும் என்ன வேலை, பில்லைத் தொடுகிறீர்களா, எத்தனை நேரம் என்று புதுக் கேள்வித்தாள் போகிறது. இன்னொரு பெரிய செய்தி: அதிகமாக வந்தால் அந்தத் தாய்க்கு உடனே சொல்ல வேண்டும் என்று குழு விதியை மாற்றிவிட்டது. ஐந்து வருடம் காக்க வேண்டாம். இதற்குக் காரணம் நீ போட்ட கையெழுத்து.

உன் கோபம் இருக்கட்டும். தேவையான நாள்வரை வைத்துக்கொள். கடிதம் மட்டும் போடு.

மாமன்,
பட்டங்கள் அனைத்தும் தற்காலிகமாகப் பறிக்கப்பட்டவன்


ஏப்ரல் 14

மாமாவுக்கு,

1 என்ற எண்ணை இவ்வளவு அழகாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அந்தத் தாளைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளை தினமும் முகம் மழிக்கும்போது அதைத்தான் பார்க்கிறார். இரண்டு தடவை கன்னத்தைக் கீறிக்கொண்டார்.

இங்கே நடந்த கூத்தைக் கேளுங்கள். காய்கறிக்காரி பட்டம் வாங்கினாளே, எப்படி வாங்கினாள் என்று பார்க்கப் போனேன். அவளும் கவ்வுகிறாள்! என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள். என் வரிசையில் ஒன்பது பேரும் கவ்வுகிறார்கள். ஒன்பது கொக்கு! அதில் ஒருத்திக்கு இரண்டாம் மாதம். இன்னும் வீட்டில்கூடச் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள்.

எல்லோரையும் இடைவேளையில் உட்கார வைத்து உங்கள் இரண்டு கடிதங்களையும் படித்தேன்: பொய் இல்லாத கடிதம், பிறகு எண் கடிதம். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒன்பது பேரும் நர்ஸ் அக்காவிடம் புட்டி கேட்டார்கள். மேலாளரிடம் சேர்ந்து போனோம். “கடைக்கு எதுக்கு சார் இன்னொரு பில்? கம்ப்யூட்டர்லதான் எல்லாம் இருக்கே” என்று காய்கறிக்காரி கேட்டாள். அவர் யோசித்தார். அவருக்கே தெரியவில்லை! அவருக்கு முன்னால் இருந்தவர் வைத்த வழக்கமாம். போன வாரத்திலிருந்து கடைப் பில் கிடையாது. வாங்குகிறவரிடமும் “பில் வேணுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் அச்சடிக்கிறோம், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். கம்பியில் குத்துகிற வேலையே இல்லாததால் எல்லோருமே மின்னல் கை ஆகிவிட்டோம். பட்டத்துக்கு மதிப்பே போய்விட்டது.

நாற்காலியும் வந்தது. எனக்கு மட்டும் இல்லை, கர்ப்பிணிகள் இருவருக்கும். தங்கம் இல்லை, ஒரு கால் ஆடுகிறது.

கோபம் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்தைக் குழந்தை பிறந்த பிறகு நேரில் தருகிறேன். தொப்புள்கொடிப் புட்டியைப் பத்திரமாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கடைசி மாதங்கள்தான் சரியாக நடந்தன. முதல் மாதங்களை நினைத்தால் இன்னும் தூக்கம் வரவில்லை. அந்தப் புட்டியில் என்ன இருக்கும், மாமா?

உங்கள் மருமகள்


ஜூன் 9

என் அருமை மகாராணிக்கு, புதிதாக வந்து சேர்ந்த இளவரசியின் அன்னைக்கு,

செய்தி வந்தபோது நான் குளிர் அறையில் ஏணியின் உச்சிப்படியில் இருந்தேன். “பொண்ணு!” என்று கீழிருந்து கத்தினார்கள். நான் எழுப்பிய கூச்சலில் ஐந்து குளிர்பெட்டிகளின் பனி ஒரே நேரத்தில் உதிர்ந்தது. நானூறு புட்டிகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கச்சேரி செய்தன. ஏணி மகிழ்ச்சியில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல்வரை நடந்தது. டாக்டரம்மா ஊர் முழுக்க விடுமுறை அறிவித்தார்; அதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை என்று சொன்னவரையும் கட்டிப்பிடித்து அழுதார். உன் அத்தை, கேட்டுக்கொள், உன் அத்தை என்னை எல்லார் முன்னாலும் “சக்கரவர்த்தி” என்று கூப்பிட்டாள். மூன்று பேர் மயங்கினார்கள். அதில் ஒருவன் நான்.

புட்டி புதன்கிழமை வந்தது. சொந்தக்காரன் தொடக் கூடாது என்று டாக்டரம்மா என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். நான் பதினேழு ஆண்டுகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தாடி வளர்ந்து தரையைத் தொட்டது. அதில் ஒரு குருவி கூடு கட்டி, முட்டையிட்டு, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டது. நடுவில் இரண்டு அரசாங்கங்கள் மாறின. கதவு திறந்தது. டாக்டரம்மா தாளை நீட்டினார். தாளிலிருந்து கிளம்பிய ஒளியில் தெருவிளக்குகள் வெட்கப்பட்டு அணைந்துவிட்டன. நான் அந்த ஒளியிலேயே வீட்டுக்கு நடந்து போனேன், தரையில் கால் படாமல்.

முதல் மாதங்களைப் பற்றி இந்தத் தாள் எதுவும் சொல்லாது, அம்மாடி. அதை இளவரசியின் ஐந்து வயதுவரை நாங்கள் கூடவே இருந்து பார்ப்போம். பிறந்த நேரத்தைப் பற்றி மட்டும் சொல்லும்.

இந்தக் கடிதத்தில் எழுதியதெல்லாம் புளுகு. ஏணி நடக்கவில்லை, குருவி இல்லை, உன் அத்தை என்னை அப்படிக் கூப்பிடப் போவதும் இல்லை. ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். பதிவேட்டிலிருந்து பார்த்து எழுதுகிறேன். 217, தொப்புள்கொடி ரத்தம், ஜூன் 4. எண் எழுத வேண்டிய கட்டத்தில் எண் இல்லை. ‘கண்டறியப்படவில்லை’ என்று இருக்கிறது.

உன் மாமா